குட்டி ராடுக்கு எத்தனை லட்சம்?

நேயர்களுக்கு வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் கொஞ்சம் காபி, மிளகு, நடுவில் மலைவாழை வைத்துப் பிழைக்கிறவன் நான். காடு மேடு ஏறும் ஜீப் வகை வண்டிகளின் விலை வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறதே, அந்தக் காசுக்கு அவை தகுமா என்று பேசச் சொன்னார்கள். 1991ஆம் வருட மாடல் மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்றை இன்னும் விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கூப்பிட வேறு காரணம் இருக்க முடியாது.

போன ஐப்பசியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். தீபாவளி விடுமுறைக்குத் தன் வண்டியில் வந்தார், மஹிந்திரா கம்பெனியின் 'தார்' என்கிற ஜீப் வகை. மூன்று வருட வண்டி, கீறல் இல்லை, துடைத்து வைத்த பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி இருந்தது. இரண்டு நாள் அடைமழை. எங்கள் தோட்டத்துக்கு இறங்கும் மண் பாதையில் இரண்டாவது வளைவில், பலாமரத்தடியில், பின்சக்கரம் இரண்டும் சேற்றில் சுற்றி அச்சுவரை இறங்கிவிட்டது. "மாமா, உங்க ஜீப்பக் கொண்டு வந்து இழுக்கணும்" என்று போன் வந்தது.

கயிற்றோடு போனேன். கயிறு தேவைப்படவில்லை. வண்டிக்குள் ஏறிப் பார்த்தால், கியர் ராடு பக்கத்தில் இருக்கும் குட்டி ராடு '2' என்ற இடத்திலேயே நிற்கிறது. "தம்பி, இதைத் தொட்டதே இல்லையா?" என்றேன். "வாங்கின அன்னிக்கு ஷோரூம்ல காட்டினாங்க மாமா" என்றார். கிளட்சை மிதித்து, குட்டி ராடைப் பிடித்தால் இறுகிக் கிடக்கிறது. நாலு தடவை முன்னும் பின்னும் ஆட்டி, '4எல்'லில் போட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் கிளட்சை மெதுவாக விட்டேன். வண்டி எருமை குளத்திலிருந்து எழுந்து வருகிற மாதிரி தானாக நடந்து வந்தது. மூன்று வருடமாக டியூ கட்டிய பொருளை அவர் பயன்படுத்தியது அந்த நாலு நிமிஷம்தான்.

அந்தக் குட்டி ராடு என்ன செய்கிறது? என்ஜின் பலத்தை முன்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறது. 'எல்' பக்கம் போட்டால் அதே பலத்தை ஏறக்குறைய இரண்டரை மடங்காகப் பெருக்கி, வண்டியை மனிதர் நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவருகிறது. சேற்றில், பாறையில், சுமையோடு ஏறும்போது அதற்கு ஈடு கிடையாது. ஆனால் காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டினால் கெடுதல். வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், பின்சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டதால் உள்ளே இருக்கும் பல்சக்கரமெல்லாம் முறுக்கேறி நிற்கும். வேகத்தில் போகும்போது பிரேக் பிடிப்பதற்கும் அது ஒரு உதவியும் செய்யாது. மழையில் மலை இறங்கும்போது 'நாலு வீலும் இழுக்கிற வண்டி' என்ற தைரியத்தில் வேகமாகப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் வயிறு கலங்கும்.

விலைக்கு வருகிறேன். முதல் தார் 2010இல் வந்தது. அதன் அடுத்த தலைமுறை வண்டி 2020 அக்டோபர் 2ஆம் தேதி வந்தபோது ஆரம்ப விலை 9 லட்சத்து 80 ஆயிரம். அந்த விலைக்கே நாலு சக்கரமும் இழுக்கும். 2023 ஜனவரியில் 9 லட்சத்து 99 ஆயிரத்துக்கு ஒன்று விட்டார்கள். பார்வைக்கு அதே வண்டி. இழுப்பது பின்சக்கரம் மட்டும். பணம் அதே அளவு, வேலை செய்கிற சக்கரத்தில் பாதி போய்விட்டது. வாங்குகிறவர்கள் பலர் அதைக் கவனிக்கவில்லை, கவனித்தவர்களும் கவலைப்படவில்லை. குட்டி ராடைத் தொடாதவர்களுக்கு அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஒருவகையில் கம்பெனிக்காரர்கள் ஜனங்களைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

வரிக் கணக்கு இதைவிட வேடிக்கை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை மாற்றினார்கள். நாலு மீட்டருக்குள் இருந்து, டீசல் என்ஜின் 1500 சி.சி.க்குள் இருந்தால் 18 சதவீதம். மீறினால் 40. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரில் சின்ன டீசல் என்ஜின் உண்டு; அதற்கு 18. நாலு சக்கரமும் இழுக்கிற தார் பெரிய என்ஜினோடுதான் வருகிறது, அதற்கு 40. இதே மாதிரி நாலு சக்கரமும் இழுக்கிற மாருதி ஜிம்னியோ பெட்ரோல் வண்டி. பெட்ரோலுக்கு எல்லை 1200 சி.சி. என்பதால் அதற்கும் 40. அப்புறம் நம் மாநிலச் சாலை வரி. 2023 நவம்பரில் அதையும் கூட்டினார்கள். 13 லட்ச ரூபாய் வண்டி என்றால் அது மட்டுமே லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணத்தில் ஒரு மிளகுக் களமே போட்டுவிடலாம். மாலில் நிறுத்துகிற வண்டிக்குக் குறைந்த வரி, மண் பாதையில் வாழைத்தார் ஏற்றுகிற வண்டிக்கு ஆடம்பர வரி என்று ஆகிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். டேப்பையும் சி.சி.யையும் வைத்துச் சட்டம் எழுதினால் இப்படித்தான் வரும்.

சீமையிலும் இதே கதைதான். 1948இல் லேண்ட் ரோவரை இங்கிலாந்து விவசாயிகளுக்காக, 450 பவுண்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரும்புக்குத் தட்டுப்பாடு என்பதால் மேல்தகட்டை அலுமினியத்தில் அடித்தார்கள். அதன் வாரிசான டிஃபெண்டரில் இன்று எந்தக் குடியானவர் சாணி ஏற்றுகிறார்?

சரி, பழசே போதும் என்று என்னை மாதிரி இருந்துவிடலாமா? அங்கேதான் எனக்கும் வாய் அடைக்கிறது. என் ஜீப்பில் காற்றுப்பை கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது, பின்சீட்டில் பெல்ட்டும் கிடையாது. கதவு என்று சொல்லிக்கொள்வது ஒரு ரெக்சின் துணி. பேத்தி வந்தால் வத்தலகுண்டிலிருந்து பஸ்ஸில் வரச் சொல்கிறேனே தவிர அதில் ஏற்றுவதில்லை. 2020 தாரை, கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்து, ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுத்தது. கூடிய விலையில் ஒரு பங்கு அந்தப் பாதுகாப்புக்குப் போகிறது என்றால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். மாருதி ஜிப்ஸி 1985இல் வந்து ஊரெல்லாம் ஓடிய வண்டி. பாதுகாப்பு விதியும் புகை விதியும் இறுகியபோது அதற்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் நின்றுபோனது.

பழையதை வைத்திருப்பதும் சும்மா இல்லை. 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. என் ஜீப்புக்கு உதிரிபாகம் தேடி மெக்கானிக் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் அலைகிறார். அவர் பஸ் காசும் என் கணக்கில்தான்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், என் யோசனை இது. உங்கள் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ போகும் பாதையில் மழைக்காலத்தில் வேறு வண்டி போகாது என்றால் விலையைப் பார்க்காதீர்கள். நாலு சக்கரமும் இழுக்கிறதுதானா என்று ஷோரூமில் குட்டி ராடைப் பார்த்து வாங்குங்கள். சுமைதான் முக்கியம் என்றால் நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப்பைப் பாருங்கள். சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18தான். வருடத்துக்கு ஒருமுறை கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றால், சூரியநெல்லியில் வாடகை ஜீப் நிற்கிறது. அந்த ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு பாறையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். உங்கள் 15 லட்ச ரூபாய் வண்டியின் அடிவயிற்றை ஏன் அந்தக் கல்லில் உரச வேண்டும்?

பார்க்கப் பிடித்திருக்கிறது, வாங்குகிறேன் என்கிறவரிடம் எனக்கு வழக்கில்லை. பட்டுச்சேலை வாங்குகிறவரிடம் அது வெயிலுக்கு ஆகுமா என்று யாரும் கேட்பதில்லையே. மாதம் ஒருமுறையாவது அந்தக் குட்டி ராடை மண்ணிலோ சரளையிலோ போட்டு எடுங்கள், துருப்பிடித்து இறுகாமல் இருக்கும்.

கோயம்புத்தூர்த் தம்பி போன வாரம் பேசினார். வண்டியை விற்றுவிட்டு மின்சாரக் கார் எடுக்கப்போகிறாராம், "நீங்களே வச்சுக்கிறீங்களா மாமா?" என்றார். அவர் சொன்ன விலையைக் கேட்டு யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். என் ஜீப் கிளட்ச் பிளேட் மாற்ற வத்தலகுண்டில் நிற்கிறது. வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மிளகு இறக்க வேண்டும். வணக்கம்.