ஃபிளாய்டு உள்ளே இருக்கும்போது கதவை மூடுவது

அவையோர் அனைவருக்கும், குறிப்பாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கணினி மாணவர்களுக்கும், வணக்கம்.

கணினி விளையாட்டு என்றதும் ஓட்டமும் துப்பாக்கிச் சூடும் நினைவுக்கு வரும். நான் பேச வந்திருக்கும் விளையாட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. திரையில் எழுத்து ஓடும். நாம் ஒரு வரி தட்டச்சு செய்தால், கணினி ஒரு பத்தியில் பதில் சொல்லும். 1983இல் வந்த 'பிளானட்ஃபால்' அது. அதில் ஃபிளாய்டு என்ற ஒரு குட்டி ரோபோ இறந்துபோகும் இடத்தில் விளையாடியவர்கள் அழுதிருக்கிறார்கள். வெறும் எழுத்தை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சாதித்தார்கள் என்பதுதான் என் பேச்சு.

அதை வெளியிட்டது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1979இல் தொடங்கிய இன்ஃபோகாம் நிறுவனம். அன்று ஆப்பிள் கணினிக்கு எழுதிய நிரல் கொமடோர் கணினியில் ஓடாது, கொமடோருக்கு எழுதியது அட்டாரியில் ஓடாது. எனவே அவர்கள் நிஜத்தில் இல்லாத ஒரு கணினியை வடிவமைத்து, அதற்கு 'இசட் மெஷின்' என்று பெயரிட்டார்கள். கதையை அதற்காக ஒருமுறை எழுதினால் போதும். ஒவ்வொரு நிஜக் கணினிக்கும் அந்தக் கற்பனைக் கணினியைப் போல நடிக்கும் சிறு நிரல் ஒன்று இருக்கும். அன்றைய வடிவத்தில் கதைக்கோப்பு 128 கிலோபைட்டைத் தாண்ட முடியாது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பல மடங்கு பெரிது. இடம் அவ்வளவு குறைவு என்பதால், ஒரு சொல்லைக்கூட வீணாக்க முடியாது.

எழுதியவர் ஸ்டீவ் மெரட்ஸ்கி. கட்டுமான மேலாண்மை படித்தவர், இன்ஃபோகாமின் விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்க வந்தவர். இதுவே அவர் எழுதிய முதல் விளையாட்டு.

நீங்கள் ஒரு விண்கப்பலில் தரை துடைக்கும் கடைநிலை ஊழியர். கப்பல் வெடிக்கிறது. தப்பிக்கும் கலத்தில் ஏறி, பெயர் தெரியாத ஒரு கோளில் போய் விழுகிறீர்கள். கட்டடங்கள் இருக்கின்றன, இயந்திரங்கள் இருக்கின்றன, மனிதர் ஒருவர்கூட இல்லை. உங்களுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், நாளாக ஆக உடம்புக்கும் முடியாமல் போகும். அந்த வெறுமையை நன்றாக அனுபவிக்க விட்ட பிறகுதான் ஆசிரியர் ஃபிளாய்டைக் கொண்டுவருகிறார். ஓர் அறையின் மூலையில் அணைந்து கிடக்கும் ரோபோ அது. முடுக்கிவிட்டால் உடனே ஒன்றும் நடக்காது. நீங்கள் வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கும்போது அது எழுந்து வந்து வணக்கம் சொல்லும்.

அதற்கப்புறம் 'அது' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவன் கிரேயானால் சுவரில் தன் பெயரைக் கிறுக்குவான். தன் மூட்டுக்குத் தானே எண்ணெய் விட்டுக்கொள்வான். லாசரஸ் என்ற பழைய ரோபோ நண்பனைப் பற்றிக் கதை சொல்வான். ஆட்டத்தை நீங்கள் சேமித்து வைத்தால், ஏதோ ஆபத்தான காரியம் செய்யப் போகிறோம் என்று குதூகலிப்பான்! தொழில்நுட்பமாகப் பார்த்தால், ஒரு பட்டியலிலிருந்து கணினி அவ்வப்போது ஒரு வரியை எடுத்துப் போடுகிறது, அவ்வளவே. ஆனால் ஆளில்லாத கோளில் பேச்சுத்துணை அவன் ஒருவன்தான். ஒரு சிறு வாசலுக்குள் நீங்கள் நுழைய முடியாதபோது, அவனை அனுப்பி ஒரு மின்சுற்றுப் பலகையை எடுத்துவரச் சொல்வீர்கள். அவனுக்கு அது விளையாட்டு.

பிறகு வருகிறது உயிரியல் ஆய்வகம். உள்ளே உருத்திரிந்த கொடிய விலங்குகள். உங்களுக்கு வேண்டிய நுழைவு அட்டையும் அங்கேதான் இருக்கிறது. தானே போய் எடுத்து வருவதாக ஃபிளாய்டு முன்வருகிறான். முன்பு செய்த அதே வேலை, இப்போது உயிரைப் பணயம் வைத்து.

இந்த இடத்தைக் கவனியுங்கள். கதவைத் திற என்று தட்டச்சு செய்கிறீர்கள். அவன் உள்ளே ஓடுகிறான். விலங்குகள் வெளியே வராமலிருக்க, அடுத்த வரியிலேயே கதவை மூடு என்று நீங்கள்தான் தட்டச்சு செய்ய வேண்டும். உறுமல் கேட்கிறது. உலோகக் குரலில் ஓர் அலறல். செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திரு என்று மட்டும் தட்டச்சு செய்கிறீர்கள். கதவை மூன்று முறை தட்டும் ஓசை. திறக்கிறீர்கள். அட்டையைப் பற்றிக்கொண்டு தள்ளாடி வெளியே விழுகிறான். மறுபடியும் கதவை மூடுகிறீர்கள். கம்பிகள் பிய்ந்து தொங்க, எண்ணெய் வழிய, அட்டையை எடுத்துவிட்டேன், நான் நல்ல நண்பன்தானே என்று கேட்கிறான். அவனுக்குப் பிடித்த பாட்டைப் பாடுகிறீர்கள். கேட்டுக்கொண்டே அடங்கிவிடுகிறான்.

திரைப்படத்தில் இக்காட்சி வந்தால் கதாநாயகன் கதவை மூடுவான், நாம் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே மூடியது நம் விரல். அவன் உள்ளே இருப்பது தெரிந்தும் எழுத்து எழுத்தாகத் தட்டி, என்டர் பொத்தானை அழுத்தியது நாம். அந்தக் கனம் வாசகன் கையில் ஏறும்படி எழுத மெரட்ஸ்கிக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இதை நான் இலக்கியம் என்கிறேன்.

கதையின் முழுமையான முடிவில் ஃபிளாய்டு பழுதுபார்க்கப்பட்டு மறுபடியும் வருகிறான். பலருக்கு அது ஆறுதல். எனக்கு உடன்பாடில்லை. அவன் கொடுத்ததன் மதிப்பு அங்கே குறைந்துவிடுகிறது.

இன்ஃபோகாமை 1986இல் ஆக்டிவிஷன் என்ற விளையாட்டு நிறுவனம் வாங்கியது, 1989இல் அலுவலகத்தை மூடிவிட்டது. ஆனால் இசட் மெஷினாக நடிக்கும் நிரல்கள் இன்று கைபேசிக்கும் இருக்கின்றன. மாணவர்கள் அவசியம் விளையாடிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, எந்த அறைக்கு வடக்கே எது, கிழக்கே எது என்று வரைபடம் போட்டுக்கொண்டே போங்கள். இல்லாவிட்டால் முதல் கட்டடத்திலேயே வழி தவறிவிடும்.