அவ்வை இல்லம்: சட்டத்துக்கு முன்னாடி திறந்த கதவு

(காட்சி: சென்னை அடையாறு, பெசன்ட் அவென்யூ. பள்ளிக்கூடம் விடுற நேரம்.)

குரல்: வணக்கம். அடையாறு பக்கம் போறவங்க இந்தப் பேரைப் பார்த்திருப்பீங்க, அவ்வை இல்லம். பொண் குழந்தைகளுக்குத் தங்க இடமும் படிப்பும் தர்ற இடம். இது தொடங்கினது 1930-ல, ஒரு டாக்டரம்மா வீட்டுல.

(காட்சி: முத்துலட்சுமி ரெட்டியின் பழைய புகைப்படம்.)

புதுக்கோட்டையில பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல சென்னை மருத்துவக் கல்லூரியில பட்டம் வாங்கினார். 1927-ல சென்னை மாகாண சட்டமன்றத்துக்குள்ள போன முதல் பெண். அம்மா சந்திரம்மாள், தேவதாசிகள் வந்த இசை வேளாளர் குடும்பம். பொண்ணுங்களைக் கோயிலுக்குன்னு நேர்ந்துவிட்டு தேவதாசி ஆக்குற பொட்டுக்கட்டுற வழக்கம் எப்படிப்பட்டதுன்னு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கல.

கோயில் ஊழியம் செஞ்சாத்தான் தேவதாசிக்கு மானிய நிலம்னு ஒரு கட்டு இருந்தது. வேண்டாம்னு வெளிய வந்தா நிலம் போயிடும், சோறும் போயிடும். அவர் கொண்டுவந்த 1929 சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. ஊழியம் விட்டாலும் நிலம் அவங்களுக்கே. அடுத்து, பொட்டுக்கட்டுறதையே தடை செய்யணும்னு மசோதா கொண்டுவந்தார்.

(காட்சி: மூடிய மரக்கதவு. தட்டும் சத்தம்.)

அந்தச் சமயத்துலதான் மூணு பொண்ணுங்க அவர் வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. தேவதாசி வாழ்க்கை வேண்டாம்னு கிளம்பி வந்தவங்க. விடுதியில இடம் கேட்டுப் பார்த்தார். இவங்க யாருன்னு தெரிஞ்சதும் சேர்க்க மாட்டோம்னுட்டாங்க.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். சட்டசபையில எவ்வளவு பேசினாலும், கிளம்பி வந்த பொண்ணு அன்னிக்கு ராத்திரி எங்க பாய் விரிப்பா? நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல உட்காருவா? முத்துலட்சுமி அவங்களைத் தன் வீட்டுலயே வெச்சுக்கிட்டார். அதுதான் அவ்வை இல்லம். ஊர் ஊரா தனியா நடந்து, தன் தமிழை மட்டும் நம்பி வாழ்ந்த கிழவியோட பேரு. இதைவிடப் பொருத்தமா ஒரு பேரு எனக்குத் தோணல.

ஆதரவில்லாத மத்த பொண்ணுங்களும் வந்து சேர்ந்தாங்க. வீடு போதாம இல்லம் அடையாறுக்கு வந்தது, பள்ளிக்கூடமும் வளர்ந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் முயற்சிதான், 1954-ல திறந்தது. அதுக்குத் தனி வீடியோ வேணும்.

(காட்சி: பழைய அரசிதழ்ப் பக்கம்.)

தடை மசோதா மட்டும் இழுத்துக்கிட்டே போச்சு. 1947-ல ஒருவழியா சட்டமாச்சு. அப்போ அவ்வை இல்லத்துக்கு வயசு 17.