யார் தாளம் போடுவது?

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் பாட்டுப் பதிவு செய்பவர்களில் சிலர் தானே டிரம் வாசிக்கும் டிரம் மெஷினோ, நோட்டுகளை வரிசையாக வாசிக்கும் சீக்வென்சரோ தனியாக வாங்கி அதோடு இணைப்பார்கள். தொல்லை அன்றைக்கே ஆரம்பிக்கும். இரண்டிலும் டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் (தாள அடி) என்ற எண், 120 என்றுதான் இருக்கும், ஆனால் கேட்டால் டிரம் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இரண்டிலும் 120 வைத்து, ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் நேரத்தைக் கணக்கிடும் படிகம் ஒன்று இருக்கிறது. எந்த இரண்டு படிகமும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் ஓடாது. லட்சத்தில் 5 பங்கு வித்தியாசம் இருந்தாலே, ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் 15 மில்லிசெகண்ட் விலகிவிடும். ஒன்றாக விழவேண்டிய அடி பிளந்த மாதிரி கேட்கும்.

ஆக, ஒருவர் தாளம் போடவேண்டும், மற்றவர் பின்தொடரவேண்டும். இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது மொழி மிடி. 1983இல் அறிமுகமான அது இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. 120 டெம்போவில் கிட்டத்தட்ட 21 மில்லிசெகண்டுக்கு ஒன்று. ஆனால் 120 என்ற எண் அந்தத் துடிப்புகளில் எங்கேயும் இல்லை. துடிப்பு மட்டும்தான் போகிறது. சீக்வென்சர் அதை எண்ணி எண்ணி நடக்கிறது. துடிப்பு தடுமாறினால் நடையும் தடுமாறும்.

மிடிக்கு முந்தைய கருவிகளிலும் துடிப்பு உண்டு. ரோலண்ட் நிறுவனம் பீட்டுக்கு 24 வைத்தது, கோர்க் 48 வைத்தது. ரோலண்டின் துடிப்பைக் கோர்க்குக்குக் கொடுத்தால் பாதி வேகத்தில்தான் ஓடும். கோர்க்கின் இன்றைய சின்ன வோல்கா கருவிகளுக்கு வழக்கமாக 2 போதும். கருவி வாங்கினால் கையேட்டில் முதலில் இந்த எண்ணைத் தேடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாமதம் வேறு, தடுமாற்றம் வேறு. தினமும் சரியாகப் பத்து நிமிடம் தாமதமாக வரும் பேருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை, நாமும் பத்து நிமிடம் கழித்துக் கிளம்பிவிடலாம். ஒருநாள் மூன்று, ஒருநாள் பன்னிரண்டு என்றால்தான் தவிப்பு. சீக்வென்சர் எப்போதும் 9 மில்லிசெகண்ட் பிந்தினால், மென்பொருளில் அந்த அளவைக் கொடுத்துத் துடிப்பை முன்கூட்டியே அனுப்பச் சொல்லலாம். தடுமாற்றத்துக்கு அப்படி ஓர் எண் கிடையாது.

நண்பர் ஒருவர் இதில் மாட்டிக்கொண்டு தவித்தார். கேபிளை மாற்றினார். டிரம் மெஷினையே விற்றுவிடலாம் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, பாட்டையெல்லாம் ஓரம் வைத்தோம். டிரம் மெஷினில் பீட்டுக்கு ஒரு ரிம் ஷாட் (டிரம்மின் விளிம்பில் அடிக்கும் சத்தம்), வேறு எதுவும் வேண்டாம். கூர்மையான சத்தம் என்பதால் அது எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரியும். சில நிமிடம் பதிவு செய்து, ஒவ்வொரு அடியும் திரையில் பீட்டைக் காட்டும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தோம். ஒன்று 4 மில்லிசெகண்ட், அடுத்தது 11, அதற்கடுத்தது 6. டிரம் மெஷின் தனியாக ஓடும்போது அடிகள் சீராக விழுந்தன. அப்படியானால் தடுமாறுவது கணினி அனுப்பும் துடிப்புதான்.

கணினி ஏன் தடுமாறுகிறது? ஒலி ஓடுவது ஆடியோ இன்டர்ஃபேஸின், அதாவது கணினிக்கு ஒலியைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் பெட்டியின், படிகத்தில், நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் குட்டி அளவீடு) என்ற கணக்கில். மிடி துடிப்பை அனுப்புவதோ மென்பொருள். அதற்கு ஆயிரம் வேலை. ஒலியை 512 சாம்பிள் கட்டாகத் தயாரித்தால், ஒரு கட்டே கிட்டத்தட்ட 12 மில்லிசெகண்ட். சில மென்பொருள்களில் துடிப்புகளும் அந்தக் கட்டுகளோடு ஒட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாகப் போகும்.

அதனால் துடிப்பையே ஒலியாக்கினோம். ஒரு டிராக்கில் டக், டக், டக் என்று குட்டிச் சத்தங்களை வைத்து, இன்டர்ஃபேஸில் சும்மா கிடந்த ஓர் அவுட்புட் வழியாக டிரம் மெஷினில் துடிப்பை வாங்கும் கிளாக் இன்புட்டுக்குக் கொடுத்தோம். பாட்டு ஓடும் அதே சாம்பிள் வரிசையில் துடிப்பும் ஓடுகிறது, தனியாகத் தடுமாற வழியில்லை. மறுபடி ரிம் ஷாட் பதிவு செய்தோம். எல்லா அடியும் ஒரே அளவு தள்ளி நின்றது. அந்த அளவைக் கழித்தோம், முடிந்தது. அந்த அவுட்புட்டை ஸ்பீக்கருக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள், காது போய்விடும். கிளாக் இன்புட் இல்லாத கருவி என்றால், ஒலித்துடிப்பை மிடி துடிப்பாக மாற்றித்தரும் தனிப் பெட்டிகள் கிடைக்கின்றன.

டிரம் மெஷின் தாளம் போட, கணினி பின்தொடரக்கூடாதா என்று கேட்கலாம். சும்மா கேட்டு வாசிக்க அது போதும், பதிவுக்கு எனக்குப் பிடிக்காது. கணினி துடிப்பைப் பார்த்து டெம்போவை ஊகிக்க வேண்டியிருக்கிறது. திரையில் 119.8, 120.3 என்று எண் ஆடிக்கொண்டே இருக்கும். பதிவு கணினியில் என்றால் தாளமும் கணினியே போடட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரத்தைக் காட்டுகிறார்கள். பாட்டை நடுவிலிருந்து தொடங்குவது பற்றியும் சொல்ல நினைத்தேன், விரிக்க நேரமில்லை. மிடியில் அதற்குத் தனிச் செய்தி உண்டு, எல்லாக் கருவியும் அதைக் கேட்பதில்லை. கேட்காத கருவி என்றால் எப்போதும் முதலிலிருந்தே ஓட்டிப் பதிவு செய்யுங்கள். வணக்கம்.