வயல் ஆர்ர பேரில கிடக்குது?

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கிற தம்பி தங்கச்சிமாரே, ஞாயிற்றுக்கிழமைச் சமையலைக் கெதியாய் முடித்துவிட்டு வந்திருக்கிற சபையோரே, வணக்கம்.

பெண்களின் அனுபவத்தைப் பேச எங்கள் திருகோணமலைப் பிள்ளைகள் ஒரு பொட்காஸ்ட் தொடங்கப் போகிறார்கள். முதல் நிகழ்ச்சியில் ஒரு பாட்டை எடுத்து அலச வேண்டும். அது சினிமாப் பாட்டாக இருக்கட்டும் என்கிறது எதிரணி. நம் ஊர்ப் பெண்கள் தாங்களே கட்டிப் பாடுகிற ஒப்பாரியாக இருக்கட்டும் என்கிறோம் நாங்கள்.

எதிரணித் தங்கச்சி நல்ல பாட்டைத்தான் கொண்டுவந்தா. 1994 இல் வந்த 'கருத்தம்மா' படத்தின் 'போறாளே பொன்னுத்தாயி'. பாடிய ஸ்வர்ணலதாவுக்கும் எழுதிய வைரமுத்துவுக்கும் தேசிய விருது. பெண் சிசுக்கொலையைப் பேசிய படம். அந்தப் பாட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, இப்பவும் கேட்டால் தொண்டை அடைக்கும். ஆனால் படத்தை எடுத்தவர் பாரதிராஜா, மெட்டுப் போட்டவர் ரஹ்மான், வரி வைரமுத்து. மூன்று ஆண்கள் யோசித்த துயரத்துக்குக் குரல் மட்டும் பெண்ணுடையது. "பெண் பாடலாசிரியர் தாமரை எழுதுகிறாவே" என்று தங்கச்சி முன்கூட்டியே அணை போட்டா. சரி, எழுதுகிறா, நன்றாகவே எழுதுகிறா. ஆனால் கதையையும் கட்டத்தையும் இன்னொருவர் சொன்ன பிறகுதானே எழுத வேண்டியிருக்கிறது?

ஒப்பாரிக்கு வாங்கோ. நம் மாவட்டத்தில் ஒரு வயல் ஊர், பேர் வேண்டாம். ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். பெண்கள் சுற்றியிருந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியாடி அழுகிறார்கள். மகள் அடி எடுக்கிறா. அவவின் சம்மதத்தோடுதான் இங்கே சொல்கிறேன்:

வட்டை விதைச்சு வைச்சீங்க – என்ர அப்பா
வாசலில நெல் குவிச்சீங்க
எழுதித் தாறன் எண்ட வயல் – என்ர அப்பா
இப்ப ஆர்ர பேரில கிடக்குது?

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற தமையன் தலையைக் குனிந்தார். வந்திருந்த அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. சீதனமாய் வரவேண்டிய வயல் எங்கே போனது என்று அந்த அக்கா அதுவரை வாய் திறந்ததே இல்லை. திறந்திருந்தால், காணிக்குச் சண்டை பிடிக்கிறாள் என்று ஊர் சொல்லியிருக்கும். செத்த வீட்டில் அழுகிறவளை ஆர் மறிக்கிறது? கூப்பிட்டது அப்பாவை, கேள்வி போய் விழுந்தது அண்ணன் தலையில். 'எழுதித் தாறன்' என்ற பேச்சை அப்பாவின் வாயிலேயே வைத்துவிட்டா பாருங்கள், அங்கே சாட்சியும் வந்துவிட்டது. இந்த நாலு அடியைப் பிரித்துப் பேச ஒரு மணித்தியாலம் காணாது. எந்தப் பாடலாசிரியருக்கு இந்தக் கெட்டித்தனம் வரும்?

இன்னொன்று. நம் கிழக்கில், தமிழர்களோ முஸ்லிம்களோ, கலியாணம் முடித்தால் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு வளவு பெண்ணுக்கு. சினிமாவிலோ பெண் அழுதழுது பிறந்த வீட்டை விட்டுப் போகிறாள். உப்புவெளியில் பிறந்து, அதே முற்றத்தில் பேரப்பிள்ளை கண்ட அம்மாவுக்கு அது அடுத்த ஊர்க் கதை. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்தாயிற்று, இளையவளுக்கு எதைக் கொடுப்பது என்பதுதான் அவவின் நித்திரையைக் கெடுக்கிற கவலை. அதைப் பாடிய சினிமாப் பாட்டு ஒன்று இருந்தால் எதிரணி இப்பவே சொல்லட்டும். (தம்பி போனில் தேடுகிறார், தேடட்டும்.)

ஒப்பாரி எல்லாம் ஒரே அடிதான், அலச என்ன இருக்கிறது என்றார் எதிரணித் தலைவர். 2006 இல் சண்டையில் நம் மாவட்டத்துச் சம்பூர்ச் சனம் ஊரை விட்டு இடம்பெயர்ந்தது. கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில் வருசக்கணக்காய் இருந்தார்கள். காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015 இல். அந்த முகாமில் கண்ணை மூடிய ஒரு ஆச்சிக்கு வைத்த ஒப்பாரியில், போகமுடியாத வளவின் கிணறும் முருங்கையும் வந்தன. மெட்டுப் பழையது, துக்கம் அன்றைக்குப் பிறந்தது. சினிமாப் பாட்டு ஒருக்கால் பதிவானால் பதிவானதுதான். ஒப்பாரி அடுத்த செத்த வீட்டில் வேறு அடியோடு வரும்.

கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சகோதரிகள் ஒப்பாரி வைப்பதில்லையே என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்களிடம் தாலாட்டு இருக்கிறது, இரண்டாவது நிகழ்ச்சியை அதற்குக் கொடுங்கள். இதற்கு ஏன் கோடம்பாக்கத்துக்கு ஓட வேண்டும்?

"விளக்கு வைக்கிற நேரத்தில் ஒப்பாரியா" என்று வீட்டில் ஏசுவார்கள் என்கிறார்கள். ஏசுவார்கள்தான். என் மாமியும் ஏசுவா. வானொலி என்றால் யோசிக்கலாம். பொட்காஸ்ட்டை பஸ்ஸில் இருந்தும் கேட்கலாம், மத்தியானத்திலும் கேட்கலாம்.

சினிமாப் பாட்டை யூடியூப்பில் ஏற்றினால் இசைக் கம்பனியின் உரிமையை அது தானாகவே கண்டுபிடித்துவிடும். பத்து செக்கன் போட்டால் பிரச்சினை இல்லை என்று தம்பி சொன்னார். அப்படி ஒரு சட்டம் கிடையாது, தம்பி. ஒப்பாரிக்குக் கம்பனி இல்லை, சொந்தக்காரி இருக்கிறா. செத்த வீட்டில் போனை மறைத்து வைத்துப் பதிவு செய்கிற வேலை வேண்டவே வேண்டாம். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு போங்கள், தேத்தண்ணி குடியுங்கள், கேளுங்கள். சாவு இல்லாத வீட்டில் பாடக்கூடாது என்பா. வயல் வரம்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனால் பாடுவா. அண்ணன் பேரை வெட்டச் சொன்னால் வெட்டுங்கள்.

மணி அடித்துவிட்டது. சினிமாப் பாட்டைப் பிள்ளைகள் கேட்கட்டும், கலியாண வீட்டில் போட்டு ஆடட்டும். முதல் நிகழ்ச்சிக்கு ஒப்பாரி என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.