கோட்டுக்கு இந்தப் பக்கம் ரொட்டி, அந்தப் பக்கம் ஷாம்பு

(புதுச்சேரியில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

'பிரான்ஸில் அன்றாட வாழ்க்கை' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். ஐஃபில் கோபுரம், மோனலிசாவுக்கு முன்னால் முண்டியடிக்கிற கூட்டம், இதெல்லாம் வரும் என்று நினைத்துக்கொண்டு யாராவது வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். பாரீஸைப் பற்றிப் பேச இந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். நான் பேசப்போவது விஸ்ஸம்பூர் என்கிற சின்ன ஊரைப் பற்றி. பிரான்ஸின் வடகிழக்கே அல்சாஸ், அந்த அல்சாஸின் வடக்கு நுனியில் இருக்கிறது. மக்கள்தொகை எட்டாயிரத்தைத் தொடாது. ஸ்ட்ராஸ்பூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். நான் ஸ்ட்ராஸ்பூரில் வேலையாக இருந்த காலத்தில் விடுமுறை கிடைத்தால் அங்கே போய்விடுவேன்.

ஊரின் நடுவே லவுட்டர் என்று ஓர் ஆறு. ஆறு என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்யவேண்டாம், நம்மூர் வாய்க்கால் அளவுதான். வீட்டுச் சுவரை நனைத்துக்கொண்டு போகும். ஊருக்கு வடக்கே மேடேறிப் போகிற சாலையில் நடந்தால் அரை மணி நேரத்தில் ஜெர்மனி வந்துவிடும். முதல் கிராமம் ஷ்வைகன். அங்கே சாலைக்குக் குறுக்கே பெரிய கல் வாசல் ஒன்று நிற்கிறது. ஹிட்லர் ஆட்சியில், 1936-ல், 'ஜெர்மன் ஒயின் சாலை'க்குத் தலைவாசலாகக் கட்டியது. கட்டியவர்களின் நோக்கம் என்னவாக இருந்தாலும், இன்றைக்கு அதன் நிழலில் உட்கார்ந்து பிரெஞ்சுக்காரர்கள் ஒயின் குடிக்கிறார்கள்.

சரி, இந்த ஊரில் ஒரு சாதாரணக் குடும்பம் வாரத்தை எப்படி ஓட்டுகிறது? ரொட்டி இந்தப் பக்கம், ஷாம்பு அந்தப் பக்கம். குழந்தைக்கான டயப்பர், சோப்பு, பற்பசை, சிகரெட் எல்லாம் ஜெர்மனியில் விலை குறைவு. அதனால் விஸ்ஸம்பூர்க்காரர்கள் மேடேறிப் போகிறார்கள். பாலாடைக்கட்டிக்கும் கேக்குக்கும் பாகெட்டுக்கும் ஜெர்மானியர்கள் இறங்கி வருகிறார்கள். பாகெட் என்கிற நீள ரொட்டியைப் பற்றிப் பாண்டிச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கடையை விட்டு வெளியே வந்ததும் அதன் முனையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வதில் மட்டும் இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் வேறுபாடு கிடையாது. முழு ரொட்டியோடு வீடு போய்ச் சேர்ந்தவரை நான் பார்த்ததில்லை.

நான் பழகிய வீடுகளில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய பை தொங்கும். நிறைய காலி பிளாஸ்டிக் பாட்டில்கள். ஜெர்மனியில் 2003 முதல், தண்ணீர் பாட்டிலோ சோடா பாட்டிலோ வாங்கினால் 25 சென்ட் வைப்புத்தொகை சேர்த்துக் கொடுக்கவேண்டும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு வரும். கடை வாசலிலேயே அதற்கு ஓர் இயந்திரம் உண்டு. வட்டத் துளையில் பாட்டிலைப் படுக்கவைத்தால், அதை உருட்டி உருட்டி முத்திரையைத் தேடும். இருந்தால் உள்ளே இழுத்து நசுக்கிவிட்டுக் கணக்கில் 25 சென்ட் ஏற்றும். பிரெஞ்சு பாட்டிலை வைத்தால் கொஞ்சம் யோசித்துவிட்டு வெளியே தள்ளிவிடும். பிரான்ஸில் அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே எந்த பாட்டில் பைக்கு, எந்த பாட்டில் மஞ்சள் குப்பைத்தொட்டிக்கு என்று அந்த வீட்டுக் குழந்தைகள் பிரித்துப் போடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கொடுத்தாலும், அவர்களுக்கு எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிவது இந்தப் பையிலிருந்துதான்.

விடுமுறை நாளிலும் இந்த வேடிக்கை உண்டு. ஜூலை 14 பிரான்ஸின் தேசிய நாள். அன்றைக்கு ஜெர்மன் கடைகளின் கார் நிறுத்தத்தில் பிரெஞ்சு நம்பர் பலகைகள். அக்டோபர் 3 ஜெர்மனிக்கு தேசிய நாள், அன்றைக்குக் கூட்டம் இந்தப் பக்கம். புனித வெள்ளி இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். பிரான்ஸின் மற்ற இடங்களில் அது வேலை நாள். அல்சாஸிலும் பக்கத்து மோசெல் மாவட்டத்திலும் விடுமுறை, டிசம்பர் 26-உம் விடுமுறை.

ஏன் அப்படி? 1871 முதல் 1918 வரை அல்சாஸ் ஜெர்மனியின் கையில் இருந்தது. திரும்ப பிரான்ஸுக்கு வந்தபோது, ஜெர்மன் சட்டத்தில் தங்களுக்குப் பிடித்துப்போனவற்றை அல்சாஸ்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு நாள் விடுமுறை அதில் சேர்த்தி. மருத்துவக் காப்பீடு இன்னொன்று. பிரான்ஸின் மற்ற பகுதிகளில் டாக்டர் கட்டணத்தில் 70 சதவீதம் அரசுக் காப்பீட்டில் திரும்பக் கிடைத்தால், இங்கே 90. அதற்காகச் சம்பளத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிப்பார்கள், யாரும் முணுமுணுப்பதில்லை. ரயிலும் அப்படித்தான். பிரான்ஸில் ரயில் இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடும், அல்சாஸில் ஜெர்மன் வழக்கப்படி வலப்பக்கம். விஸ்ஸம்பூர் ஸ்டேஷனில் ஸ்ட்ராஸ்பூரிலிருந்து வருகிற பிரெஞ்சு ரயிலும் நிற்கும், வடக்கேயிருந்து வருகிற ஜெர்மன் ரயிலும் நிற்கும். இரண்டுக்கும் அதுதான் கடைசி ஸ்டேஷன். ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறுகிறவர்கள் சூட்கேஸை இழுத்துக்கொண்டு போகும்போது பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை.

இதை நான் இவ்வளவு சாவகாசமாகச் சொல்கிறேன். ஆனால் இந்த ஊர் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. 1870 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, பிரான்ஸுக்கும் அன்றைய ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யாவுக்கும் நடந்த போரின் முதல் பெரிய சண்டை இங்கேதான் நடந்தது. பிரெஞ்சுத் தளபதி துவே அன்றே செத்துப்போனார். அதற்குப் பிறகு 1871, 1918, 1940, 1945 என்று நான்கு தடவை கொடி மாறியது. 'ஒரு அல்சாஸ் கிழவி வீட்டை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியவள்' என்று கட்டுரைகளில் அழகாக எழுதுவார்கள். அழகாக இருக்கிறதே தவிர, இந்த ஊருக்குப் பொருந்தாது. நகர வைத்துவிட்டார்கள். 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி, போர் அறிவிப்பதற்கு இரண்டு நாள் முன்பே, எல்லையோர ஊர்களை எல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். கையில் கொண்டுபோக முடிந்த மூட்டையோடு, நாட்டின் நடுப்பகுதிக்கு, லிமோஜ் பக்கத்துக் கிராமங்களுக்கு ரயிலேற்றினார்கள். பலருக்குப் பிரெஞ்சு சரளமாக வராது, அங்கே இருந்தவர்களுக்கு அல்சாஸ் பேச்சு புரியாது. திரும்பி வந்தால் ஊர் ஜெர்மனியாகி இருந்தது. 1942 ஆகஸ்டிலிருந்து இளைஞர்களை வலுக்கட்டாயமாக ஜெர்மன் ராணுவத்தில் சேர்த்தார்கள். அல்சாஸும் மோசெலும் சேர்த்து சுமார் 1,30,000 பேர். சொந்த நாட்டுக்கு எதிரான படையின் சீருடையில் பலர் ரஷ்யப் பனியில் போய் மடிந்தார்கள்.

போர் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. 1950 ஆகஸ்ட் 6. விஸ்ஸம்பூருக்கு மேற்கே காட்டுப் பாதையில் ஸாங்க்ட் கெர்மான்ஸ்ஹோஃப் என்று ஓர் எல்லைச் சாவடி. அங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள், ஏறக்குறைய முந்நூறு பேர், பல நாட்டுக்காரர்கள். எல்லைத் தடுப்பு மரத்தை அறுத்துப் பிடுங்கித் தீ வைத்தார்கள். ஒன்றுபட்ட ஐரோப்பா வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். மறுநாள் தடுப்பு மரம் வேறு வந்திருக்கும், அதை விடுங்கள். நாடுகளுக்கு இடையே எல்லைச் சோதனையை நீக்குகிற ஷெங்கன் ஒப்பந்தம் கையெழுத்தானது 1985-ல், நடைமுறைக்கு வந்தது 1995 மார்ச்சில். இந்தப் பிள்ளைகள் அதற்கு ஒரு தலைமுறை முந்திக்கொண்டார்கள். அவர்கள் வேண்டுமென்று நெருப்பு வைத்துக் கேட்டது என்ன? சாவடியில் யாரிடமும் காகிதம் காட்டாமல் போய்வர வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு டயப்பர் வாங்க மேடேறுகிற தாய்க்கு அதுதான் கிடைத்திருக்கிறது. அவள் அதை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. நினைக்காமல் இருப்பதுதான் சரி என்பது என் கட்சி. நன்றியோடு நினைத்து நினைத்துக் கடக்க வேண்டியிருந்தால் எல்லை இன்னும் அங்கேயே இருக்கிறது என்று பொருள்.

நடுவில் ஒரு தடவை எல்லோரும் நினைக்கும்படி ஆனது. 2020 மார்ச் 16-ஆம் தேதி கொரோனாவுக்காக ஜெர்மனி எல்லையில் சோதனை வைத்தது. கிராமச் சாலைகளைத் தடுப்பு வைத்து மறித்தார்கள். ஜூன் 15 வரை நீடித்தது. 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் மறுபடி போலீஸ் சோதனை என்று ஜெர்மனி அறிவித்தது. சாலை ஓரம் வேன் நிறுத்தி, சில வண்டிகளை மட்டும் ஓரங்கட்டுவார்கள். நம்மைப் போன்ற நிறத்துக்காரர்களைக் கொஞ்சம் கூடுதலாக ஓரங்கட்டுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் காரை நிறுத்தாமலே ரொட்டிக்குப் போய்விடுவார்கள்.

அப்புறம் சாப்பாட்டுக்கு வருவோம், இல்லாவிட்டால் பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்துவிடுவீர்கள். அல்சாஸில் சனி, ஞாயிறு மாலைகளில் ஃபிளாமெகூஷ் சுடுவார்கள். மாவை அப்பளம் போல மெல்லியதாகத் திரட்டி, மேலே புளிப்பேறிய வெண்பாலாடை தடவி, வெங்காயமும் பன்றிக்கறித் துண்டுகளும் தூவி, விறகு அடுப்பில் சில நிமிடம். ஓரம் கருகவேண்டும், கருகாவிட்டால் திருப்பி அனுப்பலாம். ரொட்டி சுடுகிற நாளில் அடுப்பின் சூடு சரியாக ஏறிவிட்டதா என்று பார்க்க விவசாய வீடுகளில் போட்டுப்பார்த்த பண்டம் இது. அதைச் சாப்பிடுகிற முறைதான் எனக்குப் பிடித்தது. ஆளுக்கொன்று வராது. மரப்பலகையில் ஒன்று மேசை நடுவே வரும், எல்லோரும் ஒரு துண்டு எடுத்துக் கையால் சுருட்டித் தின்பார்கள். அது தீர்ந்ததும் அடுத்தது. ஆறாமல் சூடாகச் சாப்பிட இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. சைவக்காரர்கள் கறியில்லாமல் கேட்கலாம், முகத்தைக் கொஞ்சம் சுளிப்பார்கள், ஆனால் தருவார்கள். கடைசியில் ஆப்பிளும் இலவங்கப்பட்டையும் போட்டு இனிப்பாக ஒன்று வரும்.

செப்டம்பர், அக்டோபரில் புது ஒயின். முழுதாகப் புளிக்காத திராட்சைச் சாறு, கலங்கலாக, இனிப்பாக இருக்கும். ஒவ்வொரு நாளும் போதை கொஞ்சம் ஏறிக்கொண்டே போகும். பாட்டிலுக்குள் வாயு கிளம்பிக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்கக் கூடாது, இறுக்கினால் வெடிக்கும். அதனால் பாட்டிலை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். ஜெர்மன் பக்கத்தில் வெங்காயக் கேக்கோடு குடிப்பார்கள், பிரெஞ்சுப் பக்கத்தில் வால்நட்டோடு. திராட்சைத் தோட்டங்களிலும் ஒரு குழப்பம் உண்டு. ஷ்வைகன் விவசாயிகள் பலருக்கு நிலம் விஸ்ஸம்பூர் எல்லைக்குள் இருக்கிறது. பழம் பிரான்ஸில் பழுக்கும், டிராக்டரில் ஏறி ஜெர்மனிக்குப் போகும், ஜெர்மன் ஒயினாக பாட்டிலில் இறங்கும். இரண்டு அரசாங்கமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இரண்டு அரசாங்கங்கள் ஒரு விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்வதென்றால் அது ஒயினாகத்தான் இருக்கவேண்டும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு பூச்சாண்டி வருவான். பெயர் ஹன்ஸ் டிராப். இவன் கற்பனை இல்லை. ஹன்ஸ் ஃபான் டிரோட்டா என்கிற வீரன், பதினைந்தாம் நூற்றாண்டில், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃபால்ஸ் என்கிற ஜெர்மன் பகுதியின் ஆட்சியாளருக்குத் தளபதி. 1480-ல் அவனுக்குப் பக்கத்து மலையிலிருந்த பேர்வார்ட்ஸ்டைன் கோட்டையைக் கொடுத்தார்கள். அது விஸ்ஸம்பூர் மடத்துக்குச் சொந்தம் என்று மடாதிபதி வழக்காடினார். இவன் என்ன செய்தான் தெரியுமா? ஊருக்கு மேலே லவுட்டர் ஆற்றில் அணை போட்டுத் தண்ணீரை நிறுத்திவிட்டான். கீழே ஊர் காய்ந்தது. மடாதிபதி புகார் மேல் புகார் அனுப்பவே, 'சரி, உங்களுக்குத் தண்ணீர்தானே வேண்டும்' என்று அணையை ஒரேயடியாக உடைத்துவிட்டான். ஊர் வெள்ளத்தில் மூழ்கியது. விவகாரம் போப் வரைக்கும், பேரரசர் வரைக்கும் போய், அவனைச் சமயத்திலிருந்தே விலக்கினார்கள். அவன் அசரவில்லை, 1503-ல் இறக்கும்வரை கோட்டையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஐந்நூறு வருடம் கழித்தும் ஊர் அதை மறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு ஊர்வலத்தில் வெள்ளை உடுத்து, தலையில் மெழுகுவத்திக் கிரீடத்தோடு கிறிஸ்ட்கிண்டல் வருவாள், நல்ல பிள்ளைகளுக்குப் பரிசு தருபவள். அவளுக்குப் பின்னால் தாடியும் தோலுடையுமாக, சங்கிலியை இழுத்துக்கொண்டு ஹன்ஸ் டிராப். குட்டிப் பிள்ளைகள் அப்பாவின் கோட்டுக்குள் புகுந்துகொள்வார்கள். பெரிய பிள்ளைகள் அவன் சங்கிலியைத் தொட்டுவிட்டு ஓடுவதில் போட்டி போடுவார்கள். தண்ணீர்த் தகராறு என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம், ஆனால் தகராறு செய்தவனை வருடா வருடம் அழைத்து வந்து பிள்ளைகளைச் சிரிக்கவைக்கிற யோசனை நமக்குத் தோன்றவில்லை.

இனிப்போடு முடிக்கிறேன். 1719-லிருந்து 1725 வரை, நாடிழந்த போலந்து மன்னர் ஸ்டானிஸ்லாஸ் லெஸ்ஷின்ஸ்கி இந்த ஊரில் தங்கியிருந்தார். கையில் பெரிய பணமில்லை, மகளுக்கு வயது ஏறுகிறது, வரன் அமையவில்லை. திடீரென்று வரன் வந்தது. மாப்பிள்ளை பிரான்ஸின் மன்னர் பதினைந்தாம் லூயி. 1725-ல் மகள் மரி அரசியாக வெர்சாய் அரண்மனைக்குப் போனாள். ஸ்டானிஸ்லாஸின் சமையலறையில் தொழில் படித்த நிக்கோலா ஸ்டோரர் என்கிற பணியாரக்காரனும் அவளோடு போனான். 1730-ல் பாரீஸில் மோந்தோர்கேய் தெருவில் கடை போட்டான். அந்தக் கடை இன்றும் இருக்கிறது. கேக்கை ரம் பாகில் ஊறவைக்கிற பாபா அங்கே புகழ்பெற்றது. காய்ந்துபோன கேக்கை மன்னர் குறை சொன்னதால்தான் அதை மதுவில் நனைக்க ஆரம்பித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, காய்ந்த கேக்கை எறிய மனமில்லாத குடும்பம் என்பது மட்டும் நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

யாராவது போவதாக இருந்தால் ஸ்ட்ராஸ்பூரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும். செப்டம்பர் கடைசியில் போங்கள். பகல் பன்னிரண்டுக்கு முன்னாலேயே ரொட்டி வாங்கிவிடுங்கள். பன்னிரண்டு அடித்தால் கடைக்காரர் சாப்பிடப் போய்விடுவார், இரண்டு மணி வரைக்கும் கதவைத் தட்டினாலும் திறக்கமாட்டார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நன்றி.