ஜப்பானில் காபியோடு வரும் "மில்க்" பாலே இல்லை… ஆனால் அதில் பால் இருக்கிறது!

(திரையில்: சாஸரின் ஓரத்தில் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கப்)

இந்தக் குட்டிக் கப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் பழைய பாணி காபிக் கடைக்குப் போனால் காபியோடு இது வரும். மேல்தாளை உரித்தால் உள்ளே வெள்ளையாக ஒரு 5 மில்லி. கடைக்காரர் இதை "மிருக்கு" என்பார். மில்க்கைத்தான் சொல்கிறார். ஆனால் இது பால் இல்லை, தாவர எண்ணெய்! அப்படியானால் பால் அலர்ஜி உள்ளவர்கள் தைரியமாக ஊற்றலாமா? கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சுலபமானதை முடித்துவிடுவோம்: பாலுக்குப் பதில் என்ன கிடைக்கும்? ஸ்டார்பக்ஸில் சோயா, பாதாம், ஓட்ஸ் மூன்றும் கிடைக்கும். டோட்டோர் (Doutor) என்ற ஜப்பானியக் காபிக் கடைகளில் சோயா லாட்டே உண்டு. சின்னக் கடைகளில் ஓட்ஸை எதிர்பார்க்காதீர்கள், சோயாவைக் கேளுங்கள். அவ்வளவுதான்.

இப்போது கப்புக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதே, அதனால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க எமல்சிஃபையர் போடுகிறார்கள். கூடவே பாலிலிருந்து எடுத்த கேசின் புரதமும் பெரும்பாலான கப்களில் இருக்கும். பால் அலர்ஜி உள்ளவர்களுக்கு அலர்ஜியைக் கிளப்ப அது போதும். பால், முட்டை எதையும் தொடாத வீகன்களுக்கும் ஆகாது.

இந்தக் கப்களில் ஜப்பான் முழுக்கப் பிரபலமான பிராண்டு எது தெரியுமா? சுஜாதா! நகோயாவைச் சேர்ந்த மெய்ராக்கு நிறுவனம் 1976-இல் கொண்டுவந்தது. பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக இருந்த சித்தார்த்தருக்கு, அவர் புத்தராவதற்கு முன், பால் பாயசம் கொடுத்தாளே அந்தச் சுஜாதாவேதான். பாயசம் கொடுத்த புண்ணியவதியின் பெயரை எண்ணெய்க் கப்பில் ஒட்டியவரை நான் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். புல்லட் ரயிலில் ஸ்பூன் இறங்காத அளவு கல் மாதிரி ஒரு ஐஸ்கிரீம் விற்பார்களே, அதுவும் இவர்களுடையதுதான். அதில் சந்தேகமே வேண்டாம், நிஜப் பால்.

சரி, கடையில் சோயா இல்லையா? நேராக செவன் லெவன் என்ற சின்ன சூப்பர்மார்க்கெட்டுக்குப் போங்கள். ஃப்ரீசரிலிருந்து ஐஸ் கப்பை எடுத்து, கவுண்டரில் காசு கொடுத்து, மெஷினில் வையுங்கள். அப்போதுதான் கொட்டையை அரைத்துக் காபி இறக்கும். பக்கத்து ஃப்ரிட்ஜில் 200 மில்லி சோயா பால் பாக்கெட் இருக்கும். பல கடைகளில் அது கிக்கோமான்; ஆமாம், சோயா சாஸ் கம்பெனியேதான். இரண்டையும் கலந்தால் சோயா லாட்டே ரெடி.

சூடான காபியில் ஊற்றினால் மட்டும் கவனம். காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்தால், எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி சோயா பால் திரிந்து கட்டி கட்டியாக மிதக்கும். கெட்டுப்போகவில்லை, குடிக்கலாம், பார்க்கத்தான் சகிக்காது. எதுவும் சேர்க்காத சுத்த சோயா பாலில் இது அதிகம். அந்தச் சுத்த வகைக்கு "முச்சோசேய்" என்று பெயர். காபிக்கு "சோசேய்" வாங்குங்கள், லேசாகச் சர்க்கரையும் உப்பும் சேர்த்தது.

(திரையில்: இரண்டு வாக்கியங்கள்)

கடையில் கேட்க: "மிருக்கு ஓ தோன்யூ நி தெகிமாஸ் கா?" பாலுக்குப் பதில் சோயா போட முடியுமா என்று அர்த்தம். பதிலுக்கு அவர் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன் பெருக்கல் குறியாக வைத்தால் திட்டுகிறார் என்று பயப்படாதீர்கள். இல்லை என்பதைத்தான் அப்படிக் காட்டுகிறார். நிஜமாகவே அலர்ஜி என்றால் "கியூன்யூ அரெருகீ" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெண்டிங் மெஷின் டப்பாக் காபியில் இன்னொரு பொறி: சர்க்கரை குறைவு என்று எழுதியவற்றில் பெரும்பாலும் பால் இருக்கும். "புராக்கு", அதாவது பிளாக், என்று போட்டதை எடுங்கள்.

ஓட்ஸ் பால் கிடைக்கும் சின்னக் கடை எதையாவது ஜப்பானில் பார்த்திருந்தால், ஊர் பெயரோடு கமெண்டில் போடுங்கள். அடுத்த வாரம் ஒசாகாவில் இறங்கப்போகிறவர் உங்களுக்குக் கடன்பட்டிருப்பார். சப்ஸ்கிரைப் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!