2025 சீசனில் நைனர்ஸைத் தூக்கி நிறுத்தப் போவது டிராஃப்டில் வந்த பிள்ளைகளே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அனுபவசாலிகளே, எங்கள் அணித் தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கும் சான்டா கிளாரா வட்டாரத் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"2025 சீசனில் ஃபார்ட்டி நைனர்ஸை மீட்கப் போவது மூத்த வீரர்களின் அனுபவமா, டிராஃப்டில் வந்த புதியவர்களா?" இதுதான் தலைப்பு. ஃபார்ட்டி நைனர்ஸ் நம் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி, செல்லமாக நைனர்ஸ். டிராஃப்ட் என்றால் லீக் அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக, ஒருவர் பின் ஒருவராக எடுத்துக்கொள்வது. அப்படி வந்து முதல் வருஷம் ஆடுகிறவர் ரூக்கி. அனுபவமே என்று எதிரணி அண்ணன் பேசிவிட்டு உட்கார்ந்தார். மெக்காஃப்ரி இருக்கிறார், கிட்டில் இருக்கிறார், ட்ரென்ட் வில்லியம்ஸ் இருக்கிறார், அப்புறம் என்ன கவலை என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். அவர்கள் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த ரசிகன் நான், தட்டாமல் இருக்க முடியுமா?

ஆனால் ஐயா, போன வருஷமும் இதே ஆட்கள்தானே இருந்தார்கள்? 6 வெற்றி, 11 தோல்வி. நம் டிவிஷனுக்குள், அதாவது நம்மோடு சேர்த்து நான்கு அணிகள் கொண்ட பிரிவுக்குள், ஆடிய 6 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றில் ஜெயித்தோம். 2024 பிப்ரவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் கன்சாஸ் சிட்டியோடு ஓவர்டைம் வரைக்கும் மல்லுக்கட்டி 25-22 என்று தோற்ற அணி, அடுத்த சீசனில் டிவிஷனின் கடைசி இடத்தில் கிடந்தது. அனுபவம் எங்கே போயிருந்தது?

"காயம்பட்டு உட்கார்ந்துவிட்டார்கள், அதுதான் காரணம்" என்றார் அண்ணன். ஐயா, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எனக்காக அவரே சாட்சி சொல்கிறார். மெக்காஃப்ரி ஆடியது 4 ஆட்டம். அயுக் முழங்கால் கிழிவதற்குள் 7. வில்லியம்ஸ் 10. காயம் யாருக்கு வேண்டுமானாலும் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வில்லியம்ஸுக்கு 2025 ஜூலையில் 37 வயது நிறைந்தது. மெக்காஃப்ரிக்கு 29. மென்பொருள் கம்பெனியில் 29 என்றால் குழந்தை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதெல்லாம் நூற்றைம்பது கிலோ ஆள் மேலே வந்து விழுகிற வேலையில் 29 என்றால் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கிற வயது.

அதுகூடப் போகட்டும். அண்ணன் நம்பிக்கொண்டிருக்கும் அனுபவத்தில் பாதி இந்த ஊரிலேயே இல்லை. டீபோ சாமுவேலை வாஷிங்டனுக்கு ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்குக் கொடுத்தாயிற்று. கிரீன்லாவும் ஹுஃபாங்காவும் டென்வர் போய்விட்டார்கள். சார்வேரியஸ் வார்ட் இண்டியானாபோலிஸ். ஆரன் பேங்க்ஸ் கிரீன் பே. ஹார்கிரேவ், ஃப்ளாய்ட், மாலிக் காலின்ஸ் எல்லோருக்கும் விடை கொடுத்து அனுப்பினார்கள். ஒரு மார்ச் மாதத்தில் டிஃபென்ஸே, அதாவது எதிரணியைத் தடுத்து ஆடும் பிரிவே, காலியாகிவிட்டது. அண்ணன் போன வருஷத்து பேனரைப் பார்த்துப் பேசிவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஏன் இப்படி ஒட்டுமொத்தமாக அனுப்பினார்கள்? வழக்கின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இந்த லீகில் பணம் இருக்கிறது என்பதற்காக ஆளை வாங்கிக் குவிக்க முடியாது. எல்லா அணிக்கும் ஒரே சேலரி கேப், அதாவது சம்பள உச்சவரம்பு, 2025-இல் 27 கோடியே 92 லட்சம் டாலர். ஐம்பத்து மூன்று பேரும் அதற்குள் அடங்க வேண்டும். இப்போது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் நம் குவார்ட்டர்பேக் பிராக் பர்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிராஃப்டில் 262 பேரை எடுத்தார்கள், அவர் 262-ஆவது. கடைசி ஆள். 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று பட்டம் கட்டி ஊரே சிரிக்கும் அந்த இடம். அப்படி வந்தவருக்குப் போன சீசன் சம்பளம் 10 லட்சம் டாலர்கூட இல்லை. மற்ற அணிகள் குவார்ட்டர்பேக் ஒருவருக்கே 4 கோடி, 5 கோடி என்று கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. நமக்கு அந்தச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தில்தான் 2023-இல் ஹார்கிரேவுக்கு 8 கோடியே 40 லட்சத்துக்கு ஒப்பந்தம் போட முடிந்தது. மெக்காஃப்ரி, வில்லியம்ஸ், டீபோ, அயுக், கிட்டில், போசா, வார்னர் என்று ஒரே நேரத்தில் அத்தனை நட்சத்திரங்களை வைத்துக் கட்டுப்படி ஆனதும் அதனால்தான்.

கவனியுங்கள் ஐயா. எதிரணி கும்பிடுகிற மூத்தவர்களின் கோட்டையே, ஏழாம் சுற்றில் வந்த ஒரு பையனின் குறைந்த சம்பளத்தின் மேல் கட்டிய கோட்டை.

அந்தச் சலுகை முடிந்தது. 2025 மே மாதம் பர்டிக்கு ஐந்தாண்டுக்கு 26 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தம். கிட்டிலுக்கும் வார்னருக்கும் புது ஒப்பந்தம். பர்டி கணக்கின் முழுப் பாரம் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏறும், அதற்காகத்தான் இப்போதே சுமையை இறக்கினார்கள். இனி சந்தையில் ஆள் வாங்க வழியில்லை. நான்காண்டு ரூக்கி ஒப்பந்தத்தில் வருகிற பிள்ளைகள்தான் கதி. முதல் சுற்றில் 11-ஆவதாக ஜார்ஜியாவிலிருந்து எடுத்த மைக்கேல் வில்லியம்ஸுக்கு நான்காண்டுக்கும் சேர்த்துக் கொடுப்பது, பர்டியின் ஓராண்டுச் சராசரியில் பாதிகூட வராது.

டிராஃப்டில் என்ன செய்தார்கள் பாருங்கள். பதினொரு பேரை எடுத்தார்கள். முதல் ஐந்து பேரும் டிஃபென்ஸ். மைக்கேல் வில்லியம்ஸுக்குப் பின்னால் 43-இல் டெக்சஸ் ஆல்ஃபிரட் காலின்ஸ், மலை மாதிரி ஆள். 75-இல் லைன்பேக்கர் நிக் மார்ட்டின். 100-இல் கார்னர் அப்டன் ஸ்டவுட். 113-இல் சி.ஜே. வெஸ்ட். எங்கே காலியானதோ அங்கேயே நட்டிருக்கிறார்கள். இவர்களை ஆட்டுவிக்க 2025 சீசனுக்கு டிஃபென்ஸ் பயிற்சியாளர் ராபர்ட் சாலே திரும்பி வந்தார். 2021-இல் அவரை ஜெட்ஸ் தலைமைப் பயிற்சியாளராகக் கூட்டிக்கொண்டு போனபோது, லீக் விதிப்படி நமக்கு மூன்றாம் சுற்றுத் தேர்வுகள் கிடைத்தன. போனாலும் லாபம், வந்தாலும் லாபம், இப்படி ஒரு மனிதர் எந்த அணிக்கு வாய்ப்பார்!

"ரூக்கிகள் முதல் வருஷத்திலேயே என்ன கிழித்துவிடப் போகிறார்கள்?" என்று அண்ணன் கேட்டார். மைக்கேல் வில்லியம்ஸ் மூன்றாண்டுக் கல்லூரி ஆட்டத்தில் எடுத்தது மொத்தம் 14 சாக்தான், அதாவது பந்தை எறிவதற்குள் எதிரணிக் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தது 14 முறைதான் என்று கணக்கும் சொன்னார். போன சீசன் அந்தப் பையன் கணுக்கால் சுளுக்கோடு ஆடியதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். இருக்கட்டும். நான் கல்லூரிக் கணக்குப் பேச வரவில்லை. நம் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன்.

2018-இல் நைனர்ஸ் 4 வெற்றி, 12 தோல்வி. 2019 டிராஃப்டில் வந்தவர்கள் நிக் போசா, டீபோ சாமுவேல், டிரே கிரீன்லா. அந்த சீசன் 13-3. நேரே சூப்பர் பவுல். போசா லீகின் சிறந்த டிஃபென்ஸ் ரூக்கி. அப்போதும் டிஃபென்ஸ் சாலே கையில்தான்.

அந்த சீசனின் கடைசி ஆட்டத்தை மறந்துவிட்டீர்களா? டிசம்பர் 29, சியாட்டில். ஜெயிக்கிறவர்களுக்கு டிவிஷன். நாம் 26-21 என்று முன்னால் இருக்கிறோம். ஆட்டம் முடியச் சில நொடிகள். நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி, கோல் கோட்டுக்கு ஐந்து கெஜம். ரஸ்ஸல் வில்சன் எறிகிறார், ஹாலிஸ்டர் கோட்டுக்கு முன்னால் பிடிக்கிறார், திரும்புகிறார், பாய்கிறார். குறுக்கே வந்து இடித்தவர் கிரீன்லா. பந்து கோல் கோட்டுக்கு முன்னால், சில அங்குலத்தில் நின்றுவிட்டது. நடுவர்கள் ரீப்ளே பார்த்தார்கள். அரங்கமே இரைகிறது. கோட்டைத் தொடவில்லை என்று தீர்ப்பு. அந்த அங்குலம் போயிருந்தால் நாம் ஐந்தாம் இடத்தில், ஊர் ஊராகப் போய் ஆட வேண்டிய நிலை. போகாததால் முதல் இடம், பிளே-ஆஃப் ஆட்டங்கள் சொந்த மண்ணில். அந்த அங்குலத்தைக் காப்பாற்றியது யார்? ஐந்தாம் சுற்றில், 148-ஆவதாக வந்த ரூக்கி! அனுபவசாலி இல்லை ஐயா, முதல் வருஷப் பையன்!

இப்போது எதிரணி அக்கா எடுத்து வைத்த பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். "ட்ரே லேன்ஸ்" என்று ஒரு பேரைச் சொன்னார், அரங்கமே ஐயோ என்றது. 2021-இல் மூன்றாவது இடத்துக்கு ஏறி அந்தக் குவார்ட்டர்பேக்கை எடுத்தோம். நமக்காக அவர் தொடங்கிய ஆட்டங்கள் 4. 2022-இல் கணுக்கால் முறிந்தது, 2023-இல் டாலஸுக்கு ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு அனுப்பிவிட்டோம். டிராஃப்டை நம்பினால் இதுதான் கதி என்றார் அக்கா.

அக்கா, அது டிராஃப்டை நம்பியதால் வந்த வினை இல்லை. டிராஃப்டை விற்றதால் வந்த வினை. ஏலச்சீட்டில் அவசரப்பட்டு முதல் மாதமே தள்ளி எடுத்தவர் கதை உங்களுக்குத் தெரியும். கைக்கு வந்தது கொஞ்சம், கட்ட வேண்டிய தவணை மட்டும் குறையவே இல்லை. நாமும் 12-ஆவது இடத்தையும், 2022, 2023 இரண்டு ஆண்டின் முதல் சுற்றையும், போதாததற்கு ஒரு மூன்றாம் சுற்றையும் மயாமிக்குக் கொடுத்தோம். அந்த 12-ஆவது இடம் கைமாறிக் கைமாறிப் போய் டாலஸில் மைக்கா பார்சன்ஸ் ஆனது. அதே டாலஸுக்குத்தான் லேன்ஸையும் அனுப்பினோம்! 2022-இல் நம் முதல் ஆள் 61-ஆவதாக வந்தார், 2023-இல் 87-ஆவதாக. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் முதுகெலும்பாக நிற்க வேண்டிய இரண்டு பேர் இல்லாமல் போனார்கள். மூத்தவர்கள் விழுந்தபோது பின்னால் தாங்க ஆளில்லை. போன வருஷத்து 6-11-இல் இதற்கும் பங்கு உண்டு. அக்கா வீசிய ஆயுதம் எந்தப் பக்கம் விழுந்தது என்பதை நடுவர் ஐயாவே பார்த்துக்கொள்ளட்டும்.

டிராஃப்ட் ஒரு லாட்டரி என்றும் ஒரு குற்றச்சாட்டு. இருக்கலாம். சான் மேட்டியோவில் பிறந்து, நைனர்ஸ் ரசிகனாகவே வளர்ந்த ஒரு பையனை 2000 டிராஃப்டில் நம் அணி கண்டுகொள்ளவில்லை. 65-ஆவதாக கார்மாசி என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அவர் நமக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. கைவிட்ட பையன் 199-ஆவதாக நியூ இங்கிலாந்து போனார், பேர் டாம் பிரேடி. அந்த டிராஃப்ட் நடந்தபோது பிராக் பர்டி சில மாதக் கைக்குழந்தை. 2022 டிசம்பரில் அந்தக் குழந்தை தன் முதல் ஆட்டத்தைத் தொடங்கியது, இதோ பக்கத்தில் இருக்கிற லீவைஸ் அரங்கத்தில், அதே பிரேடிக்கு எதிராக. 35-7. பார்வையாளர் வரிசையில் பர்டியின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைக் கேமரா காட்டியது. லாட்டரி என்றால், கடைசிச் சீட்டையும் கிழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதுதானே பாடம்? கிட்டில் வந்தது 146-ஆவதாக, வார்னர் 70-ஆவதாக. போன வருஷம் 86-ஆவதாக வந்த டாமினிக் பூனி 17 ஆட்டத்திலும் நம் முன்வரிசையில் கார்டாக இறங்கினார். அத்தனை பேர் விழுந்த அந்த சீசனில் விழாமல் நின்ற சிலரில் ஒருவர் ரூக்கி.

கடைசியாக, அட்டவணை எளிது என்றார்கள். எளிதுதான். எதிராளிகளின் போன வருஷத்து வெற்றி விகிதம் .415, லீகிலேயே குறைவு. கடைசி இடத்தில் முடித்ததற்கு லீக் கொடுத்த ஆறுதல் பரிசு. ஆனால் எளிய அட்டவணையும் 17 ஆட்டம்தானே? நவம்பர், டிசம்பரில் ஓட்ட ஆட்டத்தைத் தடுக்க முன்வரிசையில் தெம்பான கால்கள் வேண்டும். ஆல்ஃபிரட் காலின்ஸும் வெஸ்ட்டும் நடுவை அடைத்தால் போசாவின் மேல் இரண்டு பேரை ஏவ எதிரிக்குத் துணிவு வராது. மறுபக்கம் மைக்கேல் வில்லியம்ஸ் ஐந்து சாக் எடுத்தாலே எனக்குப் போதும், பத்து கேட்கவில்லை. பதினொரு பேரும் தேறுவார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நான்கு பேர் தேறினால் பத்துப் பதினோரு வெற்றி, பிளே-ஆஃப் கதவு திறக்கும். ஒருவரும் தேறாவிட்டால், மெக்காஃப்ரி 17 ஆட்டமும் ஆடினாலும் ஏழெட்டு வெற்றியோடு அணி நிற்கும்.

மணி அடித்துவிட்டார்கள், புரிகிறது. செப்டம்பர் 7-ஆம் தேதி சியாட்டிலோடு முதல் ஆட்டம். அண்ணன் மெக்காஃப்ரியைப் பார்க்கட்டும். நீங்கள் மட்டும் நம் டிஃபென்ஸ் களத்தில் இறங்கும்போது எத்தனை முகம் உங்களுக்குப் புதிது என்று எண்ணிப் பாருங்கள், எண்ணிவிட்டு நடுவர் ஐயாவுக்குச் சொல்லுங்கள். தீர்ப்பை அதுவரைக்கும் தள்ளிப்போட அவர் ஒப்ப மாட்டார் என்பதால், இன்றைக்கே எங்கள் பக்கம் தந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.